வெள்ளி மூக்கும் தங்கப் பல்லும்: உடலுக்குள் அழியாத உலோகத்தைத் தேடிய வரலாறு

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய வீடுகளில் இரும்புக் கதவு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வாழும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்டிவனத்தில் பத்தாண்டுக்கும் மேல் நிற்கும் சன்னல் கம்பி, கடலோரத்தில் அதற்குப் பாதிக் காலத்திலேயே பொரிந்து உதிர்கிறது. உப்பு, ஈரம், காற்று ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் உலோகம் நெடுநாள் நிலைப்பதில்லை. மனிதனின் வாயும் அத்தகைய இடமே. உமிழ்நீரில் உப்பு உண்டு. கடல்நீரைவிடப் பன்மடங்கு குறைவு எனினும், இரவும் பகலும் ஓயாமல் நனைக்கும் உப்பு அது. அதன்மேல் நாம் நாள்தோறும் புளிக்குழம்பும் எலுமிச்சையும் தயிரும் சேர்க்கிறோம். பற்களின் இடுக்கில் வாழும் நுண்ணுயிர்கள் தம் பங்குக்கு அமிலம் சுரக்கின்றன. இரும்பு துருப்பதும், செம்பு களிம்பேறுவதும், வெள்ளி கறுப்பதும் ஆகிய இவை யாவற்றையும் வேதியியலார் அரிமானம் என்னும் ஒரே சொல்லால் குறிப்பர்.

நம் ஊர்களில் பல் மருத்துவரிடம் சென்று, வேர் சிகிச்சை முடித்து, கேப் போட வேண்டும் என்ற நிலை வரும்போது வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. மெட்டல் கேப் போதுமா, செராமிக் வேண்டுமா என்பது ஒன்று. செலவு பற்றியதான இதற்கு மருத்துவரே பதில் சொல்லிவிடுகிறார். தங்கம் ஆண்களுக்கு ஹராம் ஆயிற்றே, பல்லில் மட்டும் கூடுமா என்பது மற்றொன்று. இது பள்ளிவாசல் இமாமிடம் வருகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள்போல் தோன்றினாலும், நம் மார்க்க வரலாற்றில் இவை ஒன்றாகவே பிறந்தன என்பதையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

பனூ தமீம் கோத்திரத்தைச் சேர்ந்த அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் ஜாஹிலிய்யாக் காலத்தில் குலாப் என்னும் நீர்நிலையருகே நடந்த போரில் தம் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். சில காலத்தில் அதிலிருந்து துர்நாற்றம் எழுந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் ஒரு மூக்குச் செய்துகொள்ளுமாறு அவருக்குக் கட்டளையிட்டார்கள். அவருடைய பேரர் அப்துர்ரஹ்மான் இப்னு தரஃபா வழியாக அறிவிக்கப்பட்ட இந்நிகழ்ச்சியை அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய மூன்று தொகுப்புகளிலும் காணலாம்.

இந்த ஹதீஸைப் பொதுவாக நாம் ஒரு சலுகையாக மட்டுமே படிக்கிறோம். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது. ஊனமுற்றவருக்கு விதிவிலக்கு உண்டு. அவ்வளவே என்று நகர்ந்துவிடுகிறோம். ஆனால் விதிவிலக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். முதலில் வெள்ளியே முயலப்பட்டது. ஆணுக்கு மோதிரமாக அனுமதிக்கப்பட்ட உலோகம் அது. அது உடலோடு ஒத்துப்போகவில்லை என்பது அனுபவத்தில் தெளிந்த பின்னரே தங்கத்துக்கு வழி பிறந்தது. சட்டத்தின் காரணமாக அங்கே நிற்பது ஓர் உலோகத்தின் குணம்.

வெள்ளி ஏன் அவ்வாறு ஆயிற்று? வெள்ளியின் பகை கந்தகம். வெள்ளிக் கொலுசு வியர்வை பட்டுக் கறுப்பதையும், முட்டை தின்ற வெள்ளிக் கரண்டி கறுத்துப்போவதையும் நம் வீட்டுப் பெண்கள் அறிவர். மூக்கின் ஈரத்தில் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் எழுகின்றன. அவை வெள்ளியைத் தாக்கி அதன் மேற்பரப்பைக் கரடாக்குகின்றன. மேலும் வார்ப்புக்கு ஏற்ற உறுதி வேண்டி வெள்ளியில் செம்பு கலப்பது தொன்றுதொட்ட வழக்கம். செம்போ வெள்ளியைவிட விரைவில் களிம்பேறும். கரடான பரப்பில் அழுக்கும் சீழும் தங்கும், தங்கியது நாறும். தங்கம் கந்தகத்துக்கும் அசையாது, உப்புக்கும் அசையாது. வழவழப்பு மாறாததால் கழுவினால் தூய்மையாகிவிடும்.

மூக்கிலிருந்து பல்லுக்கு இச்சட்டம் எப்படி வந்தது என்பதே ஃபிக்ஹு வரலாற்றில் சுவையான இடம். ஆட்டம் கண்ட பல்லை உலோகக் கம்பியால் அண்டைப் பற்களோடு சேர்த்துக் கட்டுவது அக்காலத்தில் பரவலான வழக்கம். (இஸ்லாத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட எட்ரஸ்கன் மக்களின் கல்லறைகளிலேயே தங்கப் பட்டையால் கட்டிய பற்கள் கிடைத்துள்ளன.) உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பற்களைத் தங்கத்தால் கட்டியிருந்ததாக அறிவிப்பு உண்டு. அறிஞர்கள் பலர் அவ்வாறு செய்ததாக இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களும் அர்ஃபஜாவின் ஹதீஸை ஒட்டியே குறிப்பிடுகிறார்கள்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இதில் தயங்கினார்கள். பற்களை வெள்ளியால் கட்டலாம், தங்கத்தால் கட்டலாகாது என்பது அவர்களுடைய கருத்து. அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்கள் தங்கத்தாலும் கட்டலாம் என்றார்கள். மற்றொரு மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் பெயரால் இரு கருத்துகளும் பதிவாகியுள்ளன. ஹிதாயா நூலில் இதற்குத் தரப்படும் வாதம் கவனிக்கத்தக்கது. தங்கத்தில் அடிப்படை விலக்கலே. தேவை இருந்தால் மட்டுமே அனுமதி. மூக்கில் வெள்ளி நாறியது, ஆகவே தங்கம் தேவைப்பட்டது. பல்லிலோ வெள்ளியே போதுமானது, ஆகவே தங்கத்துக்குத் தேவையில்லை. இது இமாம் அபூஹனீஃபா அவர்களின் தரப்பு. அப்படியாயின் இரு தரப்புக்கும் நடுவே நிற்பது, வெள்ளி வாயில் கெடாமல் நிற்குமா என்ற கேள்வியே ஆகும். இரண்டாம் ஹிஜ்ரி நூற்றாண்டின் கூஃபாவில் நம் இமாம்கள் பல் உலோகங்களின் அரிமானம் பற்றி விவாதித்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஷாஃபிஈ மத்ஹபில் இக்கேள்வி எழவே இல்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், ஆணுக்கு விலக்கப்பட்ட தங்கத்திலிருந்து மூன்றை வெளிப்படையாக நீக்கிவிடுகிறது: மூக்கு, விரல் நுனி, பல். முழு விரலுக்கு அனுமதியில்லை. மடக்கி வேலை செய்ய இயலாத தங்க விரல் வெறும் அலங்காரமாக நின்றுவிடும் என்பது உரையாசிரியர்கள் தரும் விளக்கம்.

பக்தாதிலும் கூஃபாவிலும் சட்டம் பேசிய வெள்ளிக் கம்பியை, மருத்துவர் ஒருவர் வாயிலேயே வைத்துப் பார்த்த சாட்சியம் ஸ்பெயினிலிருந்து கிடைக்கிறது. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ (936–1013), முப்பது பாகங்கள் கொண்ட தஸ்ரீஃப் என்னும் மருத்துவக் களஞ்சியத்தை எழுதினார். அதன் இறுதிப் பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. ஆடும் பற்களைக் கம்பியால் எப்படிப் பின்னிக் கட்டுவது, முடிச்சை எங்கே மறைப்பது, கம்பியின் பருமன் எவ்வளவு என்றெல்லாம் படம் வரைந்து விளக்கும் அவர், தங்கக் கம்பியே சிறந்தது என்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: வெள்ளி சில நாளில் பச்சை பூத்துச் சிதைந்துவிடும், தங்கம் என்றும் மாறாது. விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கிப் பொருத்தும் முறையையும் அவர் கூறியிருக்கிறார்.

பச்சை என்ற சொல் நம் கவனத்துக்குரியது. தூய வெள்ளி கறுக்குமே தவிரப் பச்சையாகாது. பச்சை செம்பின் களிம்பு நிறம். ஆகவே அவர் கையாண்ட வெள்ளிக் கம்பியில் செம்பு கலந்திருந்தது என்றே கொள்ளத் தோன்றுகிறது. அந்தலூசியாவில் இருந்த மருத்துவர் ஹனஃபி இமாம்களின் கருத்து வேறுபாட்டைத் தீர்க்க எழுதவில்லை. எனினும் அவருடைய கைப்பட்ட அனுபவம் இமாம் முஹம்மது அவர்களின் பக்கமே சாய்கிறது. இந்த நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனுக்குச் சென்று, ஐரோப்பிய அறுவை மருத்துவர்களின் பாடநூலாகப் பல நூற்றாண்டு நின்றது.

உலோகம் உணவில் கரையும் என்பதைப் படிக்காத நம் முன்னோரும் அறிந்தே இருந்தனர். நிக்காஹ் விருந்துக்குப் பிரியாணி வேகும் செம்பு தேக்சாவை எண்ணிப் பாருங்கள். உள்ளே கலாய் பூசாத தேக்சாவில் தயிரும் தக்காளியும் இட்டுச் சமைக்க எந்தப் பண்டாரியும் ஒப்பமாட்டார். புளிப்பு செம்பைக் கரைக்கும்; கரைந்த செம்பு குமட்டலையும் வாந்தியையும் தரும். ஈயம் பூசுகிறோம் என்று நாம் சொன்னாலும் பூசப்படுவது வெள்ளீயமே. காரீயம் கலந்தால் அது நஞ்சு. தெருத்தெருவாய்த் துருத்தியோடு வந்த கலாய்க்காரர்கள் இன்று அருகிவிட்டார்கள்.

தங்கம் சிறந்தது என்றால் எத்தங்கம்? நகைக்கடையில் 916 முத்திரை கேட்டு வாங்கும் நமக்கு இது பழகிய கணக்கே. தூய தங்கம் மிக மென்மையானது. கடைவாய்ப் பல் கடிக்கும் விசையில் நாளடைவில் நசுங்கிவிடும். எனவே செம்பு, வெள்ளி, பிளாட்டினம், பல்லேடியம் முதலியவற்றைக் கலந்து உறுதியாக்குவர். எவ்வளவு கலக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஜெர்மானிய வேதியியலார் குஸ்டாவ் டம்மன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தபடி, கலவையின் அணுக்களில் ஏறத்தாழப் பாதியாவது தங்கமாக இருந்தால்தான் அது வலிய அமிலத்துக்கும் ஈடுகொடுக்கும். எடையில் பாதி என்று இதனைக் கொள்ளலாகாது. தங்க அணு செம்பு அணுவைப் போல் மும்மடங்கு கனமானது. செம்பு மட்டும் கலந்த 22 காரட் தங்கத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலான அணுக்கள் தங்கம். 18 காரட்டில் ஏறத்தாழப் பாதி. 14 காரட்டிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மரபான பல் தங்கத்தில் எடைக்கு 75 விழுக்காடாவது தங்கமும் பிளாட்டின வகை உலோகங்களும் இருக்க வேண்டும் என்று பல் மருத்துவர்கள் வகுத்துக்கொண்ட விதி இக்கணக்கோடு பொருந்துகிறது.

14 காரட் என்றதும் வயதில் மூத்தோருக்கு 1963 நினைவுக்கு வரும். சீனப் போரையடுத்து அவ்வாண்டு ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு ஆணை, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்வதைத் தடுத்தது. பொற்கொல்லர் குடும்பங்கள் தெருவில் நின்றன. 1968இல் அது சட்டமாகி, 1990இல்தான் நீக்கப்பட்டது.

அதற்கும் முந்தைய தலைமுறையில் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று சபர் சென்று திரும்பியவர்களில் சிலர் முன்பல்லில் தங்கம் மின்ன வந்திறங்கினார்கள். சபராளி என்பதற்கு அதுவும் ஓர் அடையாளமாயிற்று. நல்ல பல்லின்மேல் அழகுக்காகப் பூட்டிய தங்கத்துக்கும், இழந்த பல்லுக்கு ஈடாக வைத்த தங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை உலமாக்கள் அன்றும் வலியுறுத்தினார்கள். அர்ஃபஜா (ரலி) அவர்களின் சம்பவத்தை முன்னதற்கு ஆதாரமாகக் காட்ட இயலாது.

இனித் தங்கமல்லாத உலோகங்களுக்கு வருவோம். இங்கே நம் மண்ணுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவள்ளூரில், மூசையில் இட்டு உருக்கு செய்த தொன்மையான களம் ஒன்றை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அடையாளம் கண்டு, 1994இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். விழுப்புரத்துக்கு வெகுதொலைவில் இல்லாத ஊர் அது. இத்தகைய தென்னிந்திய உருக்கையே ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றனர். கன்னட உக்கு, தமிழ் உருக்கு ஆகியவற்றின் திரிபு அது என்பது பலர் கருத்து. அரபுகள் இந்திய வாளை முஹன்னத் என்று அழைத்தார்கள். கஃபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் அண்ணலார் முன்னிலையில் பாடிய கஸீதாவில் அச்சொல் இடம்பெற்றுள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்கிந்தீ வாள்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தியாவின் இரும்பும் ஸரந்தீபின் இரும்பும் பேசப்படுகின்றன.

இந்த வூட்ஸ் உருக்கு லண்டனுக்குச் சென்றபோது அதனை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தால் புகழ்பெறுவதற்கு முன்பே, 1819 முதல் சில ஆண்டுகள், அறுவைக் கருவிகள் செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு கூடி, வூட்ஸின் இரகசியம் என்னவென்று தேடினார். உருக்கில் பிளாட்டினம், வெள்ளி, ரோடியம், குரோமியம் எனப் பலவற்றைக் கலந்து பார்த்தார்கள். நல்ல கூர்மையும், மங்காத பளபளப்பும் வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். 1821இல் பிரான்சின் பெர்த்தியே, குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தை எதிர்க்கிறது என்று கண்டார். மூசை உருக்கும் சாதாரண இரும்பைப்போல் துருப்பதே. ஆயினும் அதனைப் போலச் செய்யப் புகுந்த முயற்சியிலிருந்தே உலோகங்களைக் கலந்து புதிய குணம் படைக்கலாம் என்ற எண்ணம் வேரூன்றியது.

அது கனியாக இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. 1912–13இல் ஜெர்மனியின் க்ரூப் ஆலையிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கையிலும் துருப்பிடிக்காத எஃகு உருவாயிற்று. நம் சமையலறையில் எவர்சில்வர் என்று குடியேறியது அதன் வழிவந்ததே. முதல் உலகப்போர் முடிந்து தங்கத்துக்குப் பஞ்சம் நேர்ந்த ஜெர்மனியில், 1919இல் க்ரூப் பல் மருத்துவமனையின் ஹாப்ட்மையர் அவ்வெஃகில் பல் செட்டுக்கான தகடு செய்தார். அதற்கு இட்ட பெயர் விப்லா. பிளாட்டினம் போல என்ற ஜெர்மன் தொடரின் சுருக்கம். அமெரிக்காவில் எல்வுட் ஹேன்ஸ் 1907இல் காப்புரிமை பெற்ற கோபால்ட் குரோமியக் கலவையிலிருந்து, 1930களின் தொடக்கத்தில் வைட்டாலியம் என்ற பல் உலோகம் பிறந்தது. அதே 1907இல் டாகர்ட் என்பவர் மெழுகு வார்ப்பு முறையைப் பல் மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தினார். மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் இம்முறை சுவாமிமலை வார்ப்பாளர்களுக்குப் பரம்பரைத் தொழில். இன்றும் கம்பி வைத்த பல் செட்டின் உலோகச் சட்டம் பெரும்பாலும் கோபால்ட் குரோமியமே.

இவ்வுலோகங்கள் தங்கத்தைப்போல் இயல்பிலேயே அசையாதவை அல்ல. குரோமியம் உண்மையில் காற்றோடு விரைந்து வினைபுரியும் உலோகம். அவ்வினையால் மேற்பரப்பில் ஓர் ஆக்ஸைடுப் படலம் உண்டாகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் பத்து இலட்சத்தில் சில பங்குகளே. அப்படலமே கவசமாகி அடியில் உள்ளதைக் காக்கிறது. கீறினால் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து புது இரும்பைக் காற்றுக்குக் காட்டுகிறது. குரோமியத்தின் துரு உதிராமல் ஒட்டி நின்று வாசலை அடைத்துவிடுகிறது. எஃகில் இதற்குப் பன்னிரண்டு விழுக்காட்டையொட்டிய குரோமியம் போதும். வாய்க்குள் வைக்கும் நிக்கல் கலவையில் இருபதுக்குக் குறையாமல் இருப்பது நலம்.

இந்தியாவில் முறையான பல் மருத்துவக் கல்வியைத் தொடங்கியவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்த டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மது (1890–1965) என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அலிகரில் படித்து, அமெரிக்காவின் அயோவாவில் பட்டம் பெற்று, 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை அவர் நிறுவினார். தாமே நடத்திய ஐஸ்கிரீம் கடை வருமானத்தில் கல்லூரியைக் காப்பாற்றினார் என்பது அவர் வரலாற்றில் நமக்குப் பிடித்த செய்தி. பாத்திமா ஜின்னா அங்கே பயின்றவரே. அவர் பிறந்த டிசம்பர் 24 தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதுவரையும், அதற்குப் பின்னும் சில காலம், தமிழக நகரங்களில் பல் கட்டியவர்களில் சீன வம்சாவளியினர் பலர். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பட்டமில்லாமல் தொழில் பழகியிருந்தோரையும் தனிப் பட்டியலில் பதிந்துகொள்ள இடம் தந்தது.

தங்கம் நம் வாயைவிட்டு விலகியதற்கு ஃபத்வா காரணமன்று, விலையே காரணம். 1971இல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்குமான பிணைப்பை அறுத்தது. அவுன்ஸ் 35 டாலராக இருந்த தங்கம் 1980 ஜனவரியில் 850ஐத் தொட்டது. உலகெங்கும் பல் ஆய்வகங்கள் மலிவான நிக்கல் குரோமியக் கலவைக்கு மாறின. 1962இல் வைன்ஸ்டைன் குழுவினர் பெற்ற காப்புரிமையால் உலோகத்தின்மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் முறை ஏற்கெனவே கைக்கு வந்திருந்தது. இன்று செராமிக் கேப் என்று நாம் வாங்குவதில் பலவும் வெளியே பீங்கான், உள்ளே நிக்கல் குரோமியம். ஈறோரம் ஆண்டுகள் கழித்துத் தெரியும் கரிய கோடு அந்த உள் உலோகத்தின் சுவடே. முழுதும் ஜிர்கோனியாவால் ஆன கேப்பில் உலோகக் கலவை இல்லை.

இங்கேதான் நம் வீட்டார் விழிப்போடிருக்க வேண்டும். கவரிங் கம்மல் போட்டால் காது சிவந்து அரிக்கும் பெண்கள் நம்மிடையே பலர். அவ்வொவ்வாமை பெரும்பாலும் நிக்கலால் வருவது. அத்தகையோர் அதனைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில நிக்கல் கலவைகளில் வார்ப்பு எளிதாவதற்காக பெரிலியம் சேர்ப்பதுண்டு. அது அரிமானத்தை மிகுவிப்பதோடு, அதனைத் தேய்த்து மெருகேற்றும் ஆய்வகத் தொழிலாளியின் நுரையீரலையும் கெடுக்கும். மலிவுக்காக நாம் கேட்பது எவரோ ஓர் இளைஞனின் மூச்சை விலையாகக் கேட்பதாக ஆகிவிடலாகாது. நம் ஊர் மருத்துவர் அளவெடுத்து லேப்புக்கு அனுப்புகிறார். கேப் திரும்பி வருகிறது. இடையில் என்ன உலோகம் என்று கேட்பவர் அரிது. கேட்டால் எழுதித் தருவார்கள். கலவையின் பெயர், அதில் நிக்கலும் பெரிலியமும் உண்டா என்ற இரண்டு வரி போதும்.

வெவ்வேறு உலோகங்கள் ஒரே வாயில் அடுத்தடுத்து இருப்பதும் நல்லதன்று. பழைய வெள்ளி நிற அடைப்பின்மேல் தங்கக் கேப் உரசினால் உமிழ்நீர் நடுவே ஒரு சிறு பேட்டரி உருவாகிறது. சுருக்கென்ற கூச்சமும் உலோகச் சுவையும் அதனால் வருபவை. இரண்டில் உயர்ந்தது நிலைக்கும், தாழ்ந்தது கரையும்.

இம்ப்ளான்ட் என்று எலும்பில் திருகும் பல்லுக்கு இன்று பயன்படுவது டைட்டேனியம். ஸ்வீடனின் பிரோனெமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டேனியக் கருவியை 1952இல் கழற்ற முயன்றபோது எலும்பு அதனோடு ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965இல் அவர் முதன்முதலில் பல் பொருத்திய நோயாளிக்கு, 2006இல் அவர் இறக்கும்வரை அவை உழைத்தன. டைட்டேனியத்தின் கவசமும் ஆக்ஸைடுப் படலமே. அதன் தாதுவான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கிறது. ஃப்ளோரைடும் அமிலமும் ஒருசேர மிகும் ஜெல்கள் மட்டும் இப்படலத்தை அரிக்கக்கூடும். இம்ப்ளான்ட் வைத்தோர் அத்தகைய ஜெல்லைப் பயன்படுத்துமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நன்று. அன்றாடப் பற்பசைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இத்தனை மாற்று உலோகங்கள் வந்தபின் தங்கத்துக்கான அனுமதி எஞ்சுகிறதா? ஷாஃபிஈகளுக்கு மின்ஹாஜின் விதிவிலக்கு வெளிப்படையானது. மாற்று உண்டா என்று அது கேட்கவில்லை. ஹனஃபிகளின் வாதமோ தேவையின்மீது நிற்பதால், கோபால்ட் குரோமியமும் ஜிர்கோனியாவும் எளிதில் கிடைக்கும் இந்நாளில் ஆண்கள் அவற்றையே நாடுவது பேணுதலானது என்று நாம் கருதுகிறோம். நிக்கல் ஒவ்வாதவருக்கோ, மருத்துவர் தங்கமே பொருந்தும் என்று சொல்லும் கடைவாய்ப் பல்லுக்கோ தங்கம் வைத்தால் அதில் குற்றம் காண இடமில்லை. இரு மத்ஹபினரும் ஒரே பள்ளியில் தொழும் நம் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில், ஒருவர் வாயைப் பார்த்து மற்றவர் ஹராம் என்று சொல்லிவிடும் அவசரம் வேண்டாம்.

குளிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்து. சிமென்ட் இட்டு நிலையாக ஒட்டிய கேப் பல்லின் இடத்தில் நிற்பதால், அதன் மேற்பரப்பு நனைந்தாலே போதும் என்பது பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. எளிதில் கழற்றி மாட்டும் செட்டாயின் கழற்றிவிட்டுக் கொப்பளிப்பது நல்லது. அரிமானத்தைப் பார்த்தாலும் அவ்வாறு அன்றாடம் கழற்றிக் கழுவிய செட்டே நெடுநாள் உழைக்கிறது. ஜனாஸாவிலும் இதே வேறுபாடுதான். மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற ஹதீஸை முன்னிட்டு, இறுக ஒட்டிய பல்லைத் தங்கமே ஆயினும் பிடுங்குவதில்லை. கழற்றக்கூடிய செட்டைக் குளிப்பாட்டுமுன் எடுத்து வாரிசுகளிடம் கொடுத்துவிடுகிறார்கள்.